வியாழக்கிழமைக் கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டது

நான் ஓய்வு பெற்றபின் கைவேலை அறைக்கு இந்த ஆண்டு புதிதாக வந்திருக்கும் மீனா, புதிய ஆசிரியர்களுக்கான கோப்பில் வைக்க என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டாள். ஆறு வயதுப் பிள்ளையின் கையில் பின்னல் ஊசியை எப்படிப் பிடிக்க வைப்பது, எந்தக் கம்பளி நூல் சாயம் போகாது என்றெல்லாம் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பாள். அதற்கு அவளுக்கு என் உதவி தேவையில்லை. பட்டயம் படித்தவள். நான் நிறத்தின் வரிசையில் வருடக்கணக்காக அடுக்கி வைத்திருந்த நூல் கூடைகளை, வந்த முதல் வாரத்திலேயே தடிமன் வரிசைக்கு மாற்றிவிட்டாளாம். அதுதான் சரியான முறையாம். இருக்கட்டும். அதைக் கேட்ட அன்று எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை.

மீனாவைப் பற்றி நான் இப்படி எழுதுவதை வைத்தே என் குணம் உங்களுக்குப் புரிந்திருக்கும். நான் வாய் திறந்து அதிகம் பேச மாட்டேன். ஆனால் பொறாமைப்படுவேன். பள்ளியில் என்னைச் சாது என்று எல்லோரும் நினைத்தார்கள். சாதுவாக இருந்துகொண்டே ஒரு பிள்ளைக்கு நான் செய்ததைத்தான் இங்கே எழுதப்போகிறேன். பின்னலை யாரிடம் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம்.

நான் தையல்காரன். பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு அத்தாவின், அதாவது அப்பாவின், கடையில் உட்கார்ந்தேன். பள்ளிக்குத் திரைச்சீலை தைக்கப் போன இடத்தில், பள்ளியை நடத்திய அம்மையார் நான் கையால் ஓரம் அடிப்பதை நின்று பார்த்தார். சொல்தா குடும்பம்; அவர் தகப்பனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். எல்லோரும் அவரை மதாம் என்போம். திரைச்சீலை முடிந்த அன்று, "பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்க வர்றீங்களா, சலீம்?" என்று கேட்டார். இரண்டு கோடை விடுமுறைகளில் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு வெளிநாட்டுப் பாட்டி பின்னல் கற்றுக் கொடுத்தார். எனக்குத் தெரிந்த தையலை எல்லாம் மறந்துவிட்டு ஆறு வயதுப் பிள்ளைபோல முதலிலிருந்து தொடங்கினேன்.

எங்களுடையது வால்டார்ஃப் பள்ளி. முதலில் கைக்கும் மனதுக்கும் வேலை, தலைக்கு அப்புறம்தான். முதல் வகுப்பில் ஆணும் பெண்ணும் பின்னுவார்கள். எழுத்தைப் பெரிய மெழுகுக் கட்டியால் படமாக வரைவார்கள். மூன்றாம் வகுப்பு வரை படிக்க வரவில்லை என்றால் யாரும் பதற மாட்டோம். இதற்கெல்லாம் அடியில் ஆந்த்ரபாசபி என்று ஒரு தத்துவம் இருக்கிறது. அதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு பிள்ளையும் எங்கிருந்தோ நம்மை நம்பி வந்திருக்கிறது, அதை மரியாதையாக வரவேற்க வேண்டும் என்று மதாம் சொன்னார். தொழுகிறவனான எனக்கு அது போதுமாக இருந்தது.

போதாமல் இருந்தது வேறொன்று. எங்கள் பள்ளியில் முதல் வகுப்பில் ஒரு பிள்ளையை ஏற்கும் வகுப்பாசிரியர், எட்டாம் வகுப்பு வரை அதே பிள்ளைகளோடு மேலே போவார். எட்டு வருடம். தினமும் காலையில் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்து, கண்ணைப் பார்த்து வணக்கம் சொல்வார். பல் விழுவது, குரல் மாறுவது எல்லாம் அவர் கண் முன்னால் நடக்கும். கைவேலைக்காரனுக்கு வாரத்தில் இரண்டு பீரியட். எட்டாம் வகுப்பு முடிகிற நாளில் பிள்ளைகள் வகுப்பாசிரியரின் தோளில் சாய்ந்து அழும்போது, நாங்கள் கேசரித் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

கலைவாணி என்ற வகுப்பாசிரியரைத்தான் நான் அதிகம் பார்த்துப் பொறாமைப்பட்டேன். பாகூர் பக்கம் விவசாயக் குடும்பம். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். பாடினால் பக்கத்து வகுப்பு வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கும். பிள்ளைகளுக்குப் பின்னல் மறக்காமல் இருக்க நான் ஒரு பாட்டு கட்டியிருந்தேன்.

படகு உள்ள போச்சு,
வலைய சுத்திப் போட்டாச்சு,
மீனை அள்ளி வந்தாச்சு,
கரைக்குத் தாவி நின்னாச்சு.

ஊசி உள்ளே போவது, நூலைச் சுற்றுவது, இழுப்பது, கண்ணியை, அதாவது நூல் வளையத்தை, ஊசியிலிருந்து இறக்குவது, நான்கும் அதில் வந்துவிடும். கலைவாணி அதற்கு மெட்டுப் போட்டுப் பெற்றோர் விழாவில் பிள்ளைகளைப் பாட வைத்தாள். கைதட்டல் அடங்கவே இல்லை. பாட்டு யாருடையது என்று அவள் மேடையில் சொன்னாள். ஆனால் அப்போது நான் விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன். யாருக்கும் என்னைத் தெரியவில்லை. அதற்கும் அவள் மேல்தான் கோபம் வந்தது.

அவளுடைய வகுப்பில் யாழினி என்று ஒரு பெண். கனகசெட்டிக்குளத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் அப்பா கடலுக்குப் போவதை விட்டுவிட்டு பக்கத்தில் இருக்கும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். கலைவாணியின் வகுப்பில் யாழினி எதுவுமே செய்ய மாட்டாள். பெரிய எழுத்துகளை வண்ணத்தில் வரைகிற வரை எப்படியோ ஓடியது. மூன்றாம் வகுப்பில் எழுத்து சிறிதானதும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். தலைவலி என்பாள்.

என் அறையில் அவள் வேறு பிள்ளை. வகுப்பிலேயே அவள் பின்னல்தான் சீராக இருக்கும். ஒரு கண்ணிகூட நழுவாது. ஊசியைப் பார்க்கவே மாட்டாள். முகத்தை என் பக்கம் வைத்துக்கொண்டு, ஊரில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று கதை சொல்லிக்கொண்டே பின்னுவாள். மணி அடித்தால் போக மனமில்லாமல் என் மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கலைவாணியிடம் வாய் திறக்காத பிள்ளை என்னிடம் கொட்டுகிறது என்பது எனக்கு எத்தனை இனிப்பாக இருந்தது என்று சொல்லி முடியாது. வீட்டில் அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். "நம்ம புள்ளைங்களுக்கு ஒரு ஸ்வெட்டர்கூடப் பின்னித் தந்ததில்ல, அவ மேல மட்டும் இத்தன பாசமா?" என்று என் மனைவி சிரிப்பாள்.

யாழினியின் அப்பா ஒரு நாள் பள்ளிக்கு வந்தார். நான் வராந்தாவில் இருந்தேன். "பக்கத்து ஊட்டுப் புள்ள பேப்பர் படிக்குது மேடம். இது அதும் பேரையே தடவித் தடவி எழுதுது. வருஷக் கடைசி வரைக்கும் பாப்பேன். இல்லன்னா வேற ஸ்கூல்ல போட்டுடுவேன்" என்றார். கலைவாணி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தலை குனிந்ததை நான் பார்த்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வாரமே வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு யாழினியை எடுத்துக்கொண்டார்கள்.

இந்தக் கூட்டத்தைப் பற்றிப் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வியாழன்தோறும் பள்ளி விட்டதும் எல்லா ஆசிரியர்களும் வட்டமாக உட்காருவோம். மதாம் தேன்மெழுகு வத்தியை ஏற்றி ஒரு வாசகம் படிப்பார். பிறகு ஒரே ஒரு பிள்ளையைப் பற்றி மூன்று வியாழன் பேசுவோம். முதல் வாரம், பிள்ளை எப்படி இருக்கிறது: முடி, நடை, கை சூடா குளிர்ச்சியா, செருப்பு எந்தப் பக்கம் தேய்கிறது. இரண்டாம் வாரம், எப்படிச் செய்கிறது: சாப்பாடு, விளையாட்டு, வேலை. மூன்றாம் வாரம்தான் நாம் என்ன செய்யலாம் என்று பேசுவோம். ஒவ்வொருவருக்கும் ஒரு முறைதான் வாய்ப்பு. யாரும் யாரையும் மறுக்கக் கூடாது. யாராவது "சோம்பேறி", "பயந்தாங்கொள்ளி" என்று ஆரம்பித்தால் மதாம் கையை லேசாக உயர்த்தி, 'சரி' என்பதைப் பிரெஞ்சில் சொல்லித் தொடங்குவார். "அலோர், நீங்க நெனச்சது வேணாம். பாத்தத மட்டும் சொல்லுங்க." அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தவறாகப் பேசினால் முகத்தைப் பார்த்தபடி சும்மா இருப்பார். அதைவிடத் திட்டிவிடலாம் என்று தோன்றும்.

என் முறை வரும்போதெல்லாம் நான் "இன்னைக்கு இல்ல" என்பேன். அப்படிச் சொல்ல அனுமதி உண்டு. படித்தவர்கள் நடுவில் பேசக் கூச்சம். வருடக்கணக்காக அந்த இரண்டு வார்த்தைதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் வியாழன் கலைவாணி யாழினியின் நோட்டுகளை நடுவில் வைத்தாள். இரண்டாம் வியாழன், எங்கள் வழக்கப்படி பேச்சு சுபாவத்துக்கு வந்தது. பிள்ளைகளை நான்கு சுபாவமாகப் பார்ப்பது எங்கள் முறை. ஒரே சுபாவக்காரர்களைச் சேர்த்து உட்கார வைப்போம். யாழினி மந்த சுபாவம், மெதுவாக விழிக்கும் என்றார் ஒருவர். பிள்ளை இன்னும் முழுதாக இந்த உடம்புக்குள் வந்து இறங்கவில்லை என்றார் இன்னொருவர். வேறு பள்ளியாக இருந்தால் முதல் வகுப்பிலேயே புத்தகத்தைக் கொடுத்திருப்பார்கள். படிக்கத் திணறினால் ஒரு வாத்தியாராவது கண்ணைக் காட்டச் சொல்லியிருப்பார். எங்களுக்கோ படிக்கத் தாமதமாவது ஒரு குறையே இல்லை. அதனால் அத்தனை அன்பானவர்கள் உட்கார்ந்து பேசியும் கண் என்ற வார்த்தை யார் வாயிலும் வரவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை என் வகுப்பில் பிள்ளைகள் தொப்பி பின்னி முடித்து, மிச்ச நூலை உள்ளே செருகிக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கம்பளி கோக்கிற பெரிய ஊசி வேண்டும். யாழினி ஊசியை எடுத்து, அதன் காதை நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்து, நூலை அங்கேயே வைத்து உதட்டால் இழுத்தாள். கண் எங்கேயோ இருந்தது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். என் அத்தா கடைசி ஐந்து வருடம் அப்படித்தான் நூல் கோத்தார். கடைக்கு வருகிறவர்களுக்குக் கண் போனது தெரியக் கூடாது என்று, முகத்தை அவர்கள் பக்கம் வைத்துப் பேசிக்கொண்டே, நாக்கால். ஊசியைப் பார்க்காமல் கதை சொல்லிக்கொண்டு பின்னுகிறாளே என்று நான் பெருமைப்பட்டது எல்லாம் என்ன என்று அந்த நொடியில் புரிந்துவிட்டது. இந்தப் பிள்ளைக்குக் கிட்டத்தில் இருப்பது தெரியவில்லை.

மூன்றாம் வியாழன் வத்தி ஏற்றினார்கள். வட்டம் சுற்றி வந்தது. கலைவாணி எனக்கு இரண்டு நாற்காலி முன்னால் இருந்தாள். "நான் எதையோ தப்பா பண்றேன்னு நெனைக்கிறேன். என்னான்னு தெரியல" என்றாள். என் முறை வந்தது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். பார்த்ததை மட்டும் சொன்னால் போதும்: பிள்ளை நாக்கால் நூல் கோக்கிறாள்.

நான் என்ன நினைத்தேன் என்று மறைக்காமல் எழுதுகிறேன். சொன்னால் கண்ணாடி போடுவார்கள். கண்ணாடி போட்டால் படிப்பாள். படித்தால் கலைவாணியின் பிள்ளையாகிவிடுவாள். இப்போது என் அறையில் மட்டும்தான் அவள் கெட்டிக்காரி.

"இன்னைக்கு இல்ல" என்றேன்.

காலையில் அவளைப் பாட்டோடு அடி வைத்து நடக்க விடுவது, வளைகோடுகள் வரைய வைப்பது, வாரம் இரு முறை யூரித்மி, அதாவது பேச்சுக்கும் இசைக்கும் ஏற்ப உடலை அசைக்கிற பயிற்சி, என்று அன்று முடிவானது. ஐந்து மாதம் கலைவாணி அதையெல்லாம் ஒரு நாள் விடாமல் செய்தாள். அவள் இளைத்துப் போனாள். நான் தினமும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாள் ஆக ஆக, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

கண்டுபிடித்ததும் கலைவாணிதான். வகுப்பாசிரியர் வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போய்ச் சாப்பிட வேண்டும். யாழினியின் வீட்டில் மீன் குழம்பு. பிள்ளை ஒவ்வொரு துண்டையும் விரலால் நசுக்கி, முள்ளைத் தடவித் தடவி எடுப்பதைப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். "அது எப்பவும் தடவித்தான் துண்ணும். பொறந்ததுலேர்ந்து அப்படித்தான்" என்றாராம் அம்மா. மறுநாளே கலைவாணி லீவு போட்டு, தாயையும் பிள்ளையையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். இரண்டு கண்ணிலும் பவர் அதிகம்; தூரத்தைவிடக் கிட்டத்தில்தான் மோசம். இடது கண்ணை மூளை பயன்படுத்துவதையே விட்டுக்கொண்டிருக்கிறது. இது சின்ன வயதிலேயே பார்க்க வேண்டியது என்று டாக்டர் சொன்னாராம்.

அந்த வியாழன் தன் முறை வந்ததும் கலைவாணி, "மூணு வருஷமா தெனமும் கையப் புடிச்சு, கண்ணப் பாத்துத்தான் வணக்கம் சொல்றேன். கண்ணப் பாத்தேன். அது என்னைப் பாக்குதான்னு பாக்கல" என்று சொல்லி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

என் முறை வந்தது. "எனக்குத் தெரியும்" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். மதாம், "எப்பலேர்ந்து?" என்றார்.

"மூணாவது கூட்டத்துக்கு முன்னாடி செவ்வாக்கிழமைலேர்ந்து. நாக்கால நூல் கோத்தா. பாத்தேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தபடி சும்மா இருந்தார். பிறகு எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவரிடம், "நீங்க சொல்லுங்க" என்றார். வட்டம் மேலே போனது. இன்றுவரை அவர் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை.

மறுநாள் கலைவாணி என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். "ஏண்ணா சொல்லல?" பிள்ளைகளைப் போலவே அவளும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

"அவ எங்கிட்ட மட்டும் நல்லா இருந்தா" என்றேன்.

அவள் பின்னல் கூடையிலிருந்து யாழினியின் தொப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இங்கேர்ந்து வரும்போது பாடிக்கிட்டே வருவா. என் வாசப்படி மிதிச்சதும் வாய மூடிக்குவா. உங்க பீரியட ஒண்ணாக் கொறைங்கன்னு மதாம்கிட்ட ரெண்டு வாட்டி கேட்டேன். தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. அவளும் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள் என்று கேட்டதும் ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

"நான் கேட்டதும் தப்புதான்" என்றாள். "ஆனா நான் கேட்டதால அவ கண்ணுக்கு ஒண்ணும் ஆவல." தொப்பியைக் கூடையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கண்ணாடியோடு நல்ல கண்ணை மறைத்து, சோம்பிய கண்ணுக்குக் கிட்டத்து வேலை கொடுக்க வேண்டும், தினம் இரண்டு மணி நேரம் என்று டாக்டர் எழுதியிருந்தார். பின்னல் நல்லது என்றாராம். எனவே யாழினியைத் தினமும் என் அறைக்கே அனுப்பினார்கள். வாரத்தில் இரண்டு பீரியட் போதாது என்று எத்தனை வருடம் ஏங்கியிருக்கிறேன். இப்போது தினமும் இரண்டு மணி நேரம், அவளும் நானும் மட்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒட்டுத் துணி அவள் தோலைப் புண்ணாக்கியதால், கண்ணாடியின் ஒரு பக்கத்தில் மாட்டிக்கொள்ளும்படி நானே ஒரு துணி உறை தைத்தேன். என் வாழ்க்கையில் அத்தனை கவனமாக எதையும் தைத்ததில்லை.

அவளுக்குப் பின்ன வரவில்லை. ஊசியைப் பார்க்கப் பார்க்கக் கை தடுமாறியது. கண்ணிகள் வரிசையாக நழுவின. பொறுக்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே வேகமாகப் பின்னுவாள். பழையபடி அழகாக வரும். "கண்ணத் தொற" என்று நான் சொல்ல வேண்டும். தினமும் நூறு முறை சொல்ல வேண்டும்.

ஒரு நாள் ஊசியை மேசை மேல் எறிந்தாள். "முன்னாடி நல்லா பின்றேன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப மட்டும் இன்னா? எனக்கு இங்க வரவே புடிக்கல" என்றாள்.

இரண்டு மணி நேரம் முடிந்ததும் உறையைக் கழற்றிக்கொண்டு கலைவாணியின் வகுப்புக்கு ஓடுவாள். அங்கே கண்ணாடி போட்ட நல்ல கண்ணால் எழுத்துக் கூட்டத் தொடங்கியிருந்தாள். அந்த ஓட்டத்தை நான் கதவருகே நின்று பார்ப்பேன். நான் பயந்தது அப்படியே நடந்தது. பிள்ளை கலைவாணியுடையதாகிவிட்டது. நான்காம் வகுப்பு நடுவில் அப்பாவுக்குப் பேப்பர் படித்துக் காட்டினாள். அவர் வேறு பள்ளிப் பேச்சை விட்டுவிட்டார். இடது கண் மட்டும் ஓரளவு தேறி, கிட்டமும் தூரமும் மங்கலாகவே அங்கேயே நின்றுவிட்டது. ஒரு முறை நான் கூடப் போயிருந்தபோது, அஞ்சு மாசம் முன்னாடியே வந்திருந்தா முழுசா வந்திருக்குமா என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். சொல்ல முடியாது, வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம் என்றார். வராது என்று அவர் சொல்லியிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

யாழினிக்கு இது எதுவும் தெரியாது. கலைவாணி சொல்லவில்லை. எனக்கும் தைரியம் வரவில்லை. இந்தக் கோப்பு பள்ளியில் இருக்கும். என்றைக்காவது அவள் கையில் கிடைக்கும். கிடைக்கட்டும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கூச்சமாக இருந்தாலும், அடுத்தவருக்குப் பெயர் வந்துவிடும் என்றாலும், வியாழக்கிழமை உங்கள் முறை வரும்போது பார்த்ததைச் சொல்லிவிடுங்கள்.

அவள் எட்டாம் வகுப்பு முடித்த நாளில் பிள்ளைகள் எல்லாம் கலைவாணியைச் சுற்றி நின்றார்கள். யாழினிக்கு ஒரு விளையாட்டு உண்டு. கண்ணாடியைக் கழற்றி, நல்ல கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, எதிரில் இருப்பவர் எப்படித் தெரிகிறார் என்று சொல்லுவாள். மற்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். முதலில் கலைவாணியைத்தான் பார்த்தாள். அதுவும் என்னை உறுத்தியது. "பச்சைப் பொடவ. அழுவுறீங்க" என்றாள். அது கண் தெரிந்து சொன்னது இல்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிரித்தார்கள்.

பிறகு கையை எடுக்காமலேயே என் பக்கம் திரும்பினாள். "அண்ணா நிக்கிறீங்கன்னு தெரியுது. மொகம் தெரியல. கிட்ட வாங்க."

எல்லோரும் பார்த்தார்கள். நான் ஓரடி வைத்தேன்.

"இன்னும்."

இன்னொரு அடி வைத்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. அவள் மூச்சு என் மேல் படுகிற அளவுக்குப் போய் நின்றேன். அந்த இடது கண் என் முகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"இன்னும்" என்றாள்.